அரசுக் கலைக் கல்லூரியில் முதல் மாதம்: புதிதாக வருகிறவர்கள் முடிக்க வேண்டிய வேலைகள்

பள்ளிக்கூடத்தில் ஒரு படிவத்தை நிரப்பித் தரவில்லை என்றால் வகுப்பாசிரியர் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்பார். கல்லூரியில் அந்தப் பழக்கம் கிடையாது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் தேதி போய்விட்டதா, போய்விட்டது, அவ்வளவுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. அலுவலகத்தில் ஒரே ஓர் எழுத்தர் ஆயிரக்கணக்கான மாணவர்களின் தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், உங்கள் முகம்கூட அவருக்குத் தெரியாது. அதனால் பாடம் சூடு பிடிப்பதற்கு முன்பே நீங்களாகத் தேடிப்போய்க் கேட்டு முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. தமிழ்நாட்டின் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். உதவிபெறும் கல்லூரியிலோ தனியார் கல்லூரியிலோ சேர்ந்தவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களுக்கானது கடைசியில் இருக்கிறது, அவர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

டிசியைக் கொடுப்பதற்கு முன்னால்

சேர்க்கை நாளில் பள்ளி தந்த டிசியின் அசலைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். படிப்பு முடிந்து போகும்போது உங்களுக்குக் கிடைப்பது கல்லூரி எழுதித் தரும் டிசி. ஆகவே பள்ளி டிசியை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் தெளிவாக ஸ்கேன் செய்து வையுங்கள். கூடவே பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் நான்கைந்து நகல் போட்டு செட் செட்டாகப் பிரித்துவிடுங்கள். உங்கள் ஊர்க் கடையிலேயே எடுத்துக்கொண்டு வருவது நல்லது. கல்லூரி வாசல் கடையில் சேர்க்கை நாளன்று நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று தெரியும். பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒரு டஜன் வேண்டும். அடையாள அட்டை, நூலக அட்டை, பஸ் பாஸ், தேசிய மாணவர் படை என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள். போட்டோவின் பின்னால் பெயர், துறை, ஷிஃப்ட் மூன்றையும் எழுதிவிடுங்கள், அலுவலக மேசையில் போட்டோ கலந்துபோவது தினசரி நடக்கிற கூத்து.

வருமானச் சான்றிதழ் மட்டும் பழையது செல்லாது. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கல்லூரி திறந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் தேங்கும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகச் சிலர் அலைகிறார்கள். அது பெரும்பாலும் பொறியியல், மருத்துவம் மாதிரியான தொழிற்படிப்புகளின் கட்டணச் சலுகைக்குத்தான், கலைக் கல்லூரி அலுவலகம் கேட்டால் ஒழிய அதற்காக ஒரு நாள் கூலியை விடாதீர்கள்.

பெயரும் வங்கிக் கணக்கும்

நான் பார்த்தவரை உதவித்தொகை வராமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த இரண்டுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கவிதா செ’, ஆதாரில் ‘கவிதா செல்வம்’, வங்கியில் ‘செ. கவிதா’ என்று ஒரே பெண் மூன்று ஆளாக இருப்பாள். வீட்டில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. கல்லூரியில் சேர்ந்ததும் யூமிஸ் என்ற தளத்தில் உங்கள் விவரங்களைப் பதிவுசெய்து ஓர் எண் தருவார்கள், பள்ளியில் எமிஸ் எண் இருந்ததே, அதன் கல்லூரி வடிவம். அரசு உதவித்தொகைகள் பலவும் இந்த எண் வழியாகத்தான் போகின்றன. அங்கே ஆதாரில் இருக்கும் பெயரோ பிறந்த தேதியோ பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் திருத்துவது பெரும்பாடு, ஆதாரில் திருத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆதாரில் போன் எண்ணும் இணைந்திருக்க வேண்டும், அதுவும் உங்கள் கையில் இருக்கிற எண்ணாக. ஓடிபி அப்பாவின் பழைய எண்ணுக்குப் போய், அந்த சிம்மே இப்போது இல்லை என்று முழிக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம்.

அடுத்தது வங்கி. ‘கணக்கில் ஆதார் கொடுத்திருக்கிறேன் சார்’ என்பார்கள். கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழும்படி அந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்திருப்பது வேறு. ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் அரசு நேரடிப் பணம் விழும், கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அதில். பள்ளியில் படிக்கும்போது ஊர் வங்கியில் தொடங்கிய கணக்கு, அப்புறம் பகுதி நேர வேலைக்காகத் திறந்த இன்னொரு கணக்கு என்று இருந்தால் பணம் எங்கே போகிறது என்றே தெரியாமல் ஓராண்டு ஓடிவிடும். வங்கிக்குப் போய் ‘என்பிசிஐ மேப்பிங் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். சிறுவர் கணக்காகத் தொடங்கியது என்றால் 18 வயதானதும் புதிதாகக் கையெழுத்தும் கேஒய்சியும் கேட்பார்கள், பல மாதம் தொடாமல் கிடந்தால் முடங்கியும் இருக்கலாம். நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இவ்வளவு எதற்கு என்றால், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியது, அதே 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். தினம் இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் என்பது சின்னத் தொகை இல்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் உதவித்தொகைகள் தனி. அவற்றுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், முதலாண்டில் வந்துவிட்டது என்று இரண்டாம் ஆண்டில் சும்மா இருந்துவிடக் கூடாது.

அலுவலகத்தில் எப்படிக் கேட்பது

‘ஸ்காலர்ஷிப் வரலை சார்’ என்று கவுன்டரில் பொதுவாகச் சொன்னால் ‘வரும், போ’ என்ற பதில்தான் கிடைக்கும். ‘எம்பிசி ஸ்காலர்ஷிப் யார் சார் பார்க்கிறாங்க?’ என்று கேட்டு, அந்த ஆளிடம் போய், யூமிஸ் எண்ணையும் விண்ணப்ப எண்ணையும் எழுதின சீட்டை நீட்டினால் அங்கேயே கணினியில் பார்த்துச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மேசை உண்டு. டிசி ஒருவர், தேர்வு ஒருவர், கட்டணம் ஒருவர். காலை திறந்தவுடனும் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னும் போகாதீர்கள், மாதத்தின் பிற்பகுதியில் சம்பளப் பட்டியல் வேலை ஓடும் நாட்களில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை நல்ல நேரம். இடைவேளையில் கும்பலாகப் போகாமல் வகுப்பில்லாத பீரியடில் தனியாகப் போங்கள்.

இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறார் என்று எழுதித் தரும் போனஃபைடு சான்றிதழ் அடிக்கடி தேவைப்படும், வங்கிக்கு, விடுதிக்கு, பஸ் பாஸுக்கு. துறைத் தலைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்த வரிசை மாறினால் இரண்டு நாள் வீணாகும்.

சர்க்குலர், டே ஆர்டர்

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக உதவியாளர் அட்டை போட்ட ஒரு நீள நோட்டோடு வாசலில் வந்து நிற்பார். ஆசிரியர் பாடத்தை நிறுத்தி, வாங்கி, ஒரு தடவை வேகமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி, உதவித்தொகை முகாம், நாளைக்கு விடுமுறையா இல்லையா, எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். பின் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது காதில் விழுந்திருக்காது, வராதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும் என்று நம்பி இருக்காதீர்கள், வரலாம், வராமலும் போகலாம். சர்க்குலர் வந்தால் நோட்டில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அறிவிப்புப் பலகையைத் தினமும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

டே ஆர்டர் என்றால் என்ன என்று முதல் வாரம் யாருக்கும் புரியாது. பள்ளியில் திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமைக்கான பாடவேளை. இங்கே பல கல்லூரிகளில் கிழமைக்குப் பதில் 1 முதல் 6 வரை எண் ஓடும். திங்கள் டே ஆர்டர் 3, செவ்வாய் 4, புதன் அரசு விடுமுறை என்றால் வியாழன் 5. விடுமுறையால் எந்தப் பாடத்துக்கும் வகுப்பு குறையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. காலை வந்ததும் இன்றைக்கு என்ன டே ஆர்டர் என்று பார்த்துவிட்டு உட்காருங்கள், இல்லையென்றால் அலைடு (துணைப் பாடம்) வகுப்புக்கு வேறு கட்டடத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் மேஜர் (முதன்மைப் பாடம்) வகுப்பறையில் தனியாக இருப்பீர்கள்.

அப்புறம் ஷிஃப்ட். பல அரசுக் கல்லூரிகளில் காலை ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு ஷிஃப்ட். ஒதுக்கப்பட்ட ஷிஃப்ட் பிடிக்கவில்லை, அல்லது கிடைத்த மேஜர் பிடிக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பொறியியல் கலந்தாய்வு, நர்சிங், வேளாண்மை என்று கிடைத்தவர்கள் ஆகஸ்டு வரை கழன்றுகொண்டே இருப்பார்கள். காலியிடம் விழும்போது மாற்றித் தரும் வழக்கம் உண்டு. முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, இரண்டு துறைத் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், முடிவு முதல்வர் கையில். அதுவரை இப்போதைய வகுப்புக்கு ஒழுங்காகப் போக வேண்டும், வருகைப்பதிவு இங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மதிப்பெண் கணக்கு

பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் மேஜரும் அலைடும், நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி மாதிரியான சின்னச் சின்னப் பாடங்கள், ஐந்தில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவை. சின்னப் பாடம்தானே என்று நான்காம் பகுதியை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டு முடிந்தும் பட்டம் வாங்க முடியாமல் நிற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டப் பாடங்களும் அப்படித்தான், யாரோ வந்து நடத்தும் கூடுதல் வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு.

பெரும்பாலும் இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. இளநிலையில் தேர்ச்சிக்கு மொத்தம் 40 வேண்டும், அதோடு பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் தனியாக 75-க்கு 30 எடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் நிறைய. ஒரு மாணவருக்கு இன்டர்னல் 22, தேர்வில் 28, கூட்டினால் 50, ஆனாலும் அரியர். இன்னொருவருக்கு இன்டர்னல் 8, தேர்வில் 31, இரண்டு தடையில் ஒன்றைத் தாண்டிவிட்டார், கூட்டினால் 39, அவருக்கும் அரியர். ஆக இன்டர்னலும் வேண்டும், தேர்வும் வேண்டும். இன்டர்னல் என்பது தேர்வுகள், ஒப்படைப்பு, கருத்தரங்கம், சில இடங்களில் வருகைப்பதிவு எல்லாம் சேர்ந்தது. இன்டர்னலுக்கும் தனியாகக் குறைந்தபட்சம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, உங்கள் பாடத்திட்ட நூலின் முதல் சில பக்கங்களில் விதி இருக்கும், பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கிப் படித்துவிடுங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரி போலத் தன்னாட்சிக் கல்லூரி என்றால் வினாத்தாள், தேர்வு, முடிவு எல்லாம் கல்லூரியே நடத்தும், உங்கள் விதி அந்தக் கல்லூரியின் விதி.

தமிழ் வழியில் சேர்ந்தவர்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. படிப்பை முடித்து டிசி வாங்கும்போதே தமிழ் வழிச் சான்றிதழையும் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நான்கு வருஷம் கழித்துத் தேர்வாணையம் கேட்கும்போது ஓடி வந்தால் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவே ஒரு வாரம் ஆகும்.

வருகைப்பதிவு 75 சதவீதம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 68 நாள் வந்திருக்க வேண்டும், 22 நாள் வரைதான் விடலாம். அதற்குக் கொஞ்சம் கீழே போனால் மருத்துவச் சான்றும் அபராதமும் கட்டித் தேர்வு எழுதலாம், இன்னும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வே எழுத முடியாது. 22 என்பது கேட்கத் தாராளமாக இருக்கும். காய்ச்சல் ஒரு வாரம், ஊர்த் திருவிழா நான்கு நாள், தங்கை சடங்கு இரண்டு நாள் என்று கரைந்துவிடும், அதற்கு மேல் முதல் பீரியடுக்குத் தாமதமாக வந்தால் அரை நாளும் போகும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம், விளையாட்டு, தேசிய மாணவர் படை என்று போனால் ஓடி (ஆன் டியூட்டி, வந்ததாகவே கணக்கு) கிடைக்கும், ஆனால் கடிதத்தில் கையெழுத்தைப் போவதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

சீனியர்கள், ரூட்டு, கையில் கயிறு

பெரும்பாலான அண்ணன்கள் அக்காக்கள் நல்லவர்கள். பழைய வினாத்தாள் தருவார்கள், எந்த ஆசிரியர் எப்படி என்று சொல்வார்கள், எந்தக் கட்டடத்தில் குடிதண்ணீர் நன்றாக இருக்கும், பெண்களுக்கு எந்தக் கழிவறை பயன்படுத்தும் நிலையில் இருக்கும் என்ற முக்கியமான செய்தியும் அவர்களிடம்தான் கிடைக்கும். வேறு மாதிரி ஆட்களும் இருப்பார்கள். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு 1997-இல் ராகிங்கைத் தடை செய்து சட்டமே கொண்டுவந்தது, இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாடச் சொல்வது, ஆடச் சொல்வது, வணக்கம் வைக்கச் சொல்வது, எது உங்களைக் கூனிக்குறுக வைத்தாலும் டியூட்டரிடம் (உங்கள் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர்) சொல்லலாம். சொல்லப் பயமாக இருந்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள். சேரும்போது நீங்களும் பெற்றோரும் ராகிங் செய்யமாட்டோம் என்று இணையத்தில் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மாணவிகளுக்குப் பாலியல் தொல்லை என்றால் அதற்கென உள்ளகப் புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும், உறுப்பினர்கள் பெயர் பலகையில் ஒட்டியிருக்கும்.

சென்னையில் ரூட்டு என்று ஒன்று இருக்கிறது. பஸ் ரூட்டுக்கு ஒரு கும்பல், அதற்கு ஒரு தல. முதல் வாரமே ‘நீ எந்த ரூட்டு?’ என்று கேட்டு உரிமையோடு தோளில் கை போடுவார்கள், தனியாக வந்த பையனுக்கு அது பெரிய ஆறுதலாகத்தான் இருக்கும். பஸ் டே, கானா, கூரைமேல் ஏறுவது என்று போய் ஒரு நாள் காவல் நிலையத்தில் பெயர் ஏறும். பிறகு போலீஸ் வேலைக்கோ வேறு அரசு வேலைக்கோ தேர்வாகி, சரிபார்ப்பு வரும்போது அந்த ஒரு வழக்கு முன்னால் வந்து நிற்கும். வேறு மாவட்டங்களில் இதே வேலையைக் கையில் கட்டும் கலர்க் கயிறு செய்யும், ‘நம்ம ஆளு’ என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள். ஒதுங்குங்கள். யாரோடும் சண்டை போடாமல் ஒதுங்க எளிய வழி, முதல் மாதத்திலேயே வேறு ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுவது. நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம் ஒன்று. தேசிய மாணவர் படை என்றால் சான்றிதழுக்குப் படை, காவல் துறை வேலைகளில் மதிப்பு உண்டு. அதற்கு ஆள் எடுப்பது தொடக்கத்திலேயே முடிந்துவிடும், சர்க்குலரைக் கவனியுங்கள் என்று சொன்னேனே.

பஸ்ஸும் விடுதியும்

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயண அட்டை கிடைக்கும். படிவம் கல்லூரியிலேயே தருவார்கள். புது அட்டை வரும்வரை கல்லூரி அடையாள அட்டையைக் காட்டிப் போகலாம் என்று பொதுவாக ஆண்டுதோறும் அறிவிப்பு வரும், நடத்துநர் ஏதாவது சொன்னால் மல்லுக்கட்டாமல் சேர்க்கை ரசீதையும் காட்டுங்கள். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் எப்படியும் இலவசம்.

விடுதி பற்றித் தெரியாமலே பலர் வெளியில் ரூம் எடுக்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். கல்லூரியில் சேர்ந்தால் தானாகக் கிடைக்காது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும், விடுதிக் காப்பாளரிடம் போய்க் கேளுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கு வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று விதி, மாணவிகளுக்கு இந்தத் தூர விதி கிடையாது.

இன்னொன்று, டிஜிலாக்கரில் ஏபிசி (கிரெடிட் வங்கி) எண் உருவாக்கச் சொல்வார்கள், 12 இலக்கம், பாடங்களில் நீங்கள் வாங்கும் கிரெடிட் புள்ளிகள் எல்லாம் அதில் சேரும். ஐந்து நிமிட வேலை, தள்ளிப்போடாதீர்கள். நூலகரிடம் கேட்டால் என்-லிஸ்ட் என்ற மின்னூலகத் தளத்துக்குப் பயனர் பெயர் வாங்கித் தருவார், கல்லூரி உறுப்பினராக இருந்தால் மின்னூல்களை இலவசமாகப் படிக்கலாம். முதலாண்டில் யாருமே கேட்பதில்லை, கேட்கிற பிள்ளையை நூலகருக்கு மூன்று வருஷமும் நினைவிருக்கும்.

புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களுக்கு

உதவிப் பேராசிரியராகவோ கௌரவ விரிவுரையாளராகவோ வருகிறீர்கள் என்றால் முதல் நாள் முற்பகலிலேயே வந்துவிடுங்கள். பணியேற்பு அறிக்கையில் முற்பகலா பிற்பகலா என்பது பதிவாகும். அறிக்கை துறைத் தலைவர் வழியாக முதல்வருக்குப் போக வேண்டும், நேரே முதல்வர் அறைக்குப் போய் நின்றால் அன்றைக்கே ஒருவரைச் சங்கடப்படுத்திவிடுவீர்கள்.

நிரந்தரப் பணி என்றால் மருத்துவத் தகுதிச் சான்று, பணிப்பதிவேடு, ஓய்வூதியத் திட்ட எண், களஞ்சியம் மென்பொருளில் பதிவு என்று வரிசையாக இருக்கிறது, அவை முடியாமல் முதல் சம்பளம் வராது. எல்லாவற்றையும்விட இழுப்பது உண்மைத்தன்மைச் சான்று. நீங்கள் பட்டம் வாங்கிய ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ‘இது நாங்கள் கொடுத்ததுதான்’ என்று எழுதித் தர வேண்டும், அது வராமல் பணிவரன்முறை நகராது. மூன்று பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் மூன்று இடத்திலும் பணம் கட்டி, கல்லூரி வழியாகக் கடிதம் அனுப்பி, காத்திருக்க வேண்டும். முதல் மாதமே ஆரம்பித்துவிடுங்கள். கௌரவ விரிவுரையாளர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், தொகுப்பூதியம் கோடை மாதத்துக்குக் கிடையாது, நிதி ஒதுக்கீடு தாமதமானால் மற்ற மாதங்களிலும் சேர்த்துத்தான் வரும். வீட்டு வாடகைக்கு இரண்டு மாதப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. தாளில் அவ்வளவுதான். பாடவேளை போடும்போது புது ஆளுக்கு வருவது பெரும்பாலும் வேறு துறைக்கான அலைடு பாடமும் கடைசிப் பீரியடும்தான். முதல் வருஷம் அதற்காக முகம் சுளிக்காதீர்கள். ஆனால் உங்கள் முனைவர் பட்டப் பொருளோடு ஒட்டிய ஒரு பாடத்தையாவது கேட்டு வாங்குங்கள், கேட்காதவருக்கு யாரும் தரமாட்டார்கள்.

வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முகூர்த்த நாளில் வகுப்பு பாதி காலியாக இருக்கும். புதிதாக வரும் ஆசிரியர்கள் கட் அடித்துவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டார்கள் என்று கோபப்படுவார்கள். பாதிப் பேர் மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்கள், ஒரு நாளைக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய்தான் அவர்களுடைய தேர்வுக் கட்டணம். மதிய ஷிஃப்ட் என்றால் காலையில் ஜவுளிக் கடை, பெட்ரோல் பங்க், பேப்பர் போடுவது. தூங்குகிற பையனை எல்லார் முன்னாலும் எழுப்பித் திட்டுவதற்கு முன் வகுப்பு முடிந்ததும் ஒரு தடவை தனியாகக் கேட்டுப் பாருங்கள். வருகைப்பதிவில் சலுகை கொடுங்கள் என்று சொல்லவில்லை, 22 நாள் கணக்கை அந்தப் பையனுக்கு ஆகஸ்டிலேயே சொல்லுங்கள், அக்டோபரில் பட்டியல் ஒட்டும்போது சொல்லிப் பயனில்லை. பாடம் ஆங்கில வழி என்றாலும் முதல் சில வாரம் தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள். அது தரத்தைக் குறைப்பது என்று சொல்லும் மூத்தவர்கள் இருப்பார்கள், சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

கடைசியாக நாக், கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் தேசிய அமைப்பு. அந்த மதிப்பீடு எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள், புதிதாக வந்த உங்களுக்குக் கணினி தெரியும் என்பதால் அந்தப் பொறுப்பு உங்களிடம்தான் வந்து சேரும். ஒரு சொற்பொழிவு நடந்தால் அதன் சர்க்குலர், அழைப்பிதழ், மாணவர் கையெழுத்துப் பட்டியல், இடமும் நேரமும் பதிந்த ஜியோ டேக் போட்டோ, ஒரு பக்க அறிக்கை, இந்த ஐந்தையும் நிகழ்ச்சி முடிந்த அன்றே வாங்கி ஒரே கோப்புறையில் போட்டுவிடுங்கள். கோப்புறையின் பெயரைத் தேதியில் தொடங்கி வையுங்கள், ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். போனில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். துறைக் கணினியில் ஒன்று, உங்கள் பென் டிரைவில் ஒன்று. சிறப்பு விருந்தினரைப் பஸ் ஏற்றிவிடப் போகும் அவசரத்தில் விட்டுப்போவது அந்தக் கையெழுத்துப் பட்டியல்தான், அதை மட்டும் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே வரிசையில் சுற்றுக்கு விட்டுவிடுங்கள்.